பினாயில் அக்கா கழுவாமல் விட்ட கூண்டு

என் ஓரகத்தியை எல்லோரும் பினாயில் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் கிடையாது. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கு, "முதல்ல காலைக் கழுவு" என்று ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். என்ன மரியாதை, என்ன பாசம் என்று நான் உருகிப்போனேன். மறுநாள்தான் தெரிந்தது, பால்காரர், தபால்காரர், மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் அதே குவளைதான்.

மாடியில் நாங்கள், கீழே அவள். அவள் கழுவுகிற கழுவலில் மாடிப்படியின் ஓரமெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. துடைத்த தரை காயும்வரை யாரும் நடக்கக் கூடாது. நடந்தால் தொலைந்தோம். எவ்வளவு அவசரமானாலும் வாசற்படியில் நின்று ஒற்றைக் காலில் ஆட வேண்டியதுதான். இதனால் எங்களுக்குள் வராத சண்டையில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் வாந்தியை முகம் சுளிக்காமல் அள்ளியவள் அவள்தான். அள்ளிய கையோடு அந்த அறையையே கழுவி, என்னைக் கட்டிலோடு கூடத்துக்குத் தள்ளினாள் என்பது வேறு விஷயம்.

அவளுக்கு வேலை மிருகக்காட்சிசாலையில், பறவைக் கூண்டுகளைக் கழுவுவது. இப்படி ஒரு ஆளுக்கு இப்படி ஒரு வேலையைப் பார்த்துக் கொடுத்தவர்களுக்குக் கோடிப் புண்ணியம். அதே இடத்தில் எனக்கும் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் ஒரு வேலை வாங்கித் தந்தாள். விடிந்ததும் ரப்பர் குழாய், விளக்குமாறு, வாளி, கைப்பிடி போட்ட ஒரு இரும்புத் தகடு எல்லாவற்றோடும் அவள் உள்ளே போய்விடுவாள். தகடு சுரண்டுவதற்கு. நான் ஜன்னலைத் திறப்பதற்குள் எல்லாக் கூண்டும் கண்ணாடியாக இருக்கும். பார்த்துவிட்டு வெளியே போகிறவர்கள் "என்னமா சுத்தம்!" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பறவையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அக்காவுக்கு அதில்தான் பெருமை.

அத்தனை பறவைகளிலும் அவளுக்கு உயிர் இருவாச்சி ஜோடிதான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இருவாச்சி பெருங்காட்டுப் பறவை. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நின்றால் நம் இடுப்பு உயரம் வரும். அலகு ஒரு பெரிய அகப்பை நீளத்துக்கு மஞ்சளாக வளைந்திருக்கும். அதற்கு மேலே இன்னொன்றைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டை. இவ்வளவு பாரத்தை எப்படித்தான் சுமக்கிறதோ என்று தோன்றும், ஆனால் கொண்டைக்குள் பெரும்பாலும் காற்றுதான். சிறகை அடித்தால் பழைய நீராவி ரயில் கிளம்புகிற சத்தம். அத்திப்பழத்தை அலகு நுனியில் பிடித்து மேலே எறிந்து வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். ஒன்றுகூடத் தவறாது.

ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. அந்த அலகின் மஞ்சளில் பாதி பூச்சு வேலை. வாலுக்கு மேலே சுரக்கிற எண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தானே பூசிக்கொள்ளும். "பறவையே தினமும் மேக்கப் போடுது, நீயும் இருக்கியே" என்று அக்கா என்னை இடிப்பாள்.

யாரோ ஒரு கடத்தல்காரனின் காரில், சாக்குக்குள் இறகு முளைக்காத குஞ்சுகளாகக் கிடந்தவை இவை, ஆளுக்கொரு கூட்டிலிருந்து திருடப்பட்டவை. பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்கா பப்பாளியைப் பிசைந்து ஊட்டி ஊட்டிப் பிழைக்க வைத்தாள். வளர்ந்ததும் இரண்டும் ஜோடி சேர்ந்துகொண்டன. அக்கா ஆணை 'மாப்பிள்ளை' என்றும் பெண்ணை 'பொண்ணு' என்றும் கூப்பிட்டாள். மாப்பிள்ளை நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிப் பொண்ணின் வாயில் வைப்பான். தனக்கு அழுகல் கிடைத்தாலும் சரி. அதைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரை ஒரு முறை முறைப்பேன்.

எல்லாம் இருந்தது, குஞ்சு மட்டும் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் பொண்ணு மரப்பொந்துக்குள் போய் எட்டிப் பார்க்கும், உள்ளேயே உட்காரும், கொஞ்ச நாளில் சலித்துப்போய் வெளியே வந்துவிடும். எங்கள் டாக்டரம்மா, மிருக வைத்தியர், தலையைப் பிய்த்துக்கொண்டார். காட்டில் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். ஆண் மாதக்கணக்காக அந்தக் கீறல் வழியாகத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். "இவ ஏன் அடைக்க மாட்டேங்கிறான்னுதான் புரியலை" என்பார். பெரிய அடிமரம் ஒன்றைக் குடைந்து கிரேனில் தூக்கி வந்து நிறுத்தினார். ஒரு தொட்டி நிறையக் களிமண் வைத்தார். சாப்பாட்டை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் மேலாளர் முடிவெடுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "வேற ஊர் ஜூவுல ஒரு ஆண் தனியா இருக்காம். நம்ம பெண்ணை அங்க அனுப்பிப் பார்க்கலாம்னு சொல்றாங்க. இனமே அருகிட்டு வருது, சும்மா வெச்சிருக்க முடியாதில்ல?" என்றார். வருகிற பருவம் முடிகிறவரை தவணை. தச்சர் வந்து பொண்ணுக்கு அளவெடுத்துக் காற்றுத் துளை போட்ட ஒரு மரப்பெட்டி செய்து, தீவன அறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போனார்.

அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையில் அது பற்றி எரியாமல் இருந்தது ஆச்சரியம். "புருஷன் பொண்டாட்டியைப் பிரிக்கிறதுக்கு இவங்க யாருடி?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். பிரிவு அவளுக்குப் புதிதில்லை. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். எப்போதாவது மூட்டையோடு வந்து இறங்குவார், ரெண்டு நாளில் கிளம்பிவிடுவார். அவர் போனதும் இவள் வீட்டையே கழுவுவாள். ஏன் கழுவுகிறாள் என்று நான் கேட்டதில்லை, எனக்குத் தெரியும்.

பருவமும் தொடங்கியது. பொண்ணு பொந்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில்தான் அது நடந்தது. அக்கா தான் கழுவிய படியில் தானே வழுக்கி விழுந்தாள். சிரித்துக்கொண்டேதான் தூக்கினேன், ஒளிப்பானேன். ஆனால் இடுப்பில் நல்ல அடி. அசையக் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார்.

அவளுக்குப் பதிலாகக் குரங்குக் கூண்டுப் பக்கம் இருந்த நிதானம் அண்ணனைப் போட்டார்கள். அவசரம் என்றால் என்னவென்று அறியாதவர். குரங்குகள்தான் இவருக்குச் சோறு வைக்கின்றன என்று ஒரு பேச்சு உண்டு. நான் வேலை முடிந்து வருவதற்காகவே அக்கா காத்திருப்பாள்.

"கூண்டு எப்படிடி இருக்கு?"

"பளபளன்னு இருக்குக்கா."

நான் போய்ப் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டு வந்து சொன்னால் யார் அவளைக் கட்டிலில் பிடித்து வைப்பது?

எழுந்து நடக்க முடிந்த முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தாள். இருவாச்சிக் கூண்டுக்கு முன்னால் நின்றாள். அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. தரை முழுக்க மிதிபட்ட பழம், காய்ந்த எச்சம், களிமண் கட்டி. நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. மாப்பிள்ளை மட்டும் கிளையில் உட்கார்ந்திருந்தான், பொண்ணைக் காணோம். அடிமரத்துப் பொந்தின் வாயைச் சுற்றிலும் கன்னங்கரேலென்று ஏதோ அப்பியிருந்தது.

"நிதானமா? அந்த ஆளை நான் நிதானமா வெச்சுக்கறேன்!" என்று அக்கா இடுப்பு வலியையும் மறந்து உள்ளே போனாள். தகட்டை எடுத்தாள். பொந்து வாயில் அப்பியிருந்ததில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது.

உள்ளேயிருந்து ஒரு அலகு வந்தது. மஞ்சள் அலகு, நுனி மட்டும். அதில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. பெயர்ந்த அதே இடத்தில் அதை வைத்து, அலகின் பக்கவாட்டால் தட்டித் தட்டிச் சமன் செய்தது. கொத்தனார் கரண்டியால் பூசுகிற மாதிரியே இருந்தது. பூசிவிட்டு உள்ளே போய்விட்டது.

அக்காவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"ஏண்டி," என்றாள். "இது குப்பை இல்லடி. சுவர்."

அப்புறம் நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். பினாயில் அக்கா அந்த எச்சத்தின் மேல், அந்த அழுகிய பழத்தின் மேல், புடவையோடு அப்படியே உட்கார்ந்தாள்.

"வருஷா வருஷம் இவ கட்டியிருக்கா. வருஷா வருஷம் நான் இடிச்சிருக்கேன். காலையில வந்ததும் ரெண்டையும் பக்கத்து அறைக்கு விரட்டிட்டு, பொந்து வாயைத்தானே முதல்ல சுரண்டுவேன்? பழத்தை அப்பி வெச்சிருக்கே சனியன்னு திட்டிக்கிட்டே சுரண்டுவேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவளை எப்படிக் குறை சொல்வது? அடைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் கதவைப்போல ஏதோ ஒன்றை நினைத்திருந்தாள். எச்சமும் பழக்கூழும் மண்ணும் குழைத்து, நாள் முழுக்கப் பூசி, காயவிட்டு, மறுநாள் மேலும் பூசுகிற சுவரைக் கண்டாள், ஆனால் அது சுவர் என்று எந்தத் துப்புரவுக்காரிக்குத் தோன்றும்?

நேரே டாக்டரம்மாவிடம் போனாள். ஒளிக்காமல் கொட்டினாள். டாக்டரம்மா வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, நானும் ஒரு நாளாவது விடிகாலையில வந்து பார்த்திருக்கணும். நான் வரும்போது எல்லாம் சுத்தமா இருக்கும். மண்ணைக் கொத்தி விளையாடுதுன்னுதானே நினைச்சேன்!" என்றார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "ஆனா இனிமேதான் கஷ்டம். உள்ள போனதும் அவளோட சிறகு, வால் இறகு எல்லாம் கொட்டிடும். பறக்க முடியாது. மாப்பிள்ளை பயந்துபோய் ஊட்டறதை நிறுத்திட்டான்னா உள்ள இருக்கிறவ பாடு அவ்வளவுதான். யாரும் கிட்ட போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது."

மேலாளரும் வந்து பார்த்தார். குஞ்சு வந்தால் பொண்ணு இங்கேயே இருக்கலாம், வராவிட்டால் பெட்டி என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து அந்தக் கூண்டு கழுவப்படவில்லை. அக்கா பட்ட பாடு இருக்கிறதே! வெளியே நிற்பாள், கை தானாக விளக்குமாற்றைத் தேடும், மறு கையால் அதைப் பிடித்துக்கொள்வாள். அந்த வெறியையெல்லாம் மற்றக் கூண்டுகளில் காட்டினாள். கிளிகள் அவளைக் கண்டாலே கூரையில் போய்த் தொங்கின. வீட்டில் பாத்திரங்கள் தேய்ந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து, "என்னம்மா இப்படி நாறுது, கழுவ ஆள் இல்லையா?" என்று கேட்டார்கள். "இருக்காங்க சார், கழுவாம இருக்கிறதுதான் இப்ப அவங்களுக்கு வேலை" என்றேன். நிதானம் அண்ணன் பேச்சைக் கேட்கவே வேண்டாம். "நான் கை வெச்சேன், உடனே பலிச்சுது" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார். கை வைக்காததுதான் பலித்தது என்று சொல்லிப் பார்த்தேன், காதில் ஏறவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவன். அத்திப்பழங்களைத் தொண்டைக்குள் அடுக்கிக்கொண்டு வந்து அடிமரத்தைப் பற்றி நிற்பான். ஒவ்வொன்றாகக் கக்கி, அலகு நுனியால் கீறலுக்குள் நீட்டுவான். உள்ளேயிருந்து பொண்ணு வாங்கிக்கொள்ளும். ஊருக்கு வந்திருந்த அக்காவின் வீட்டுக்காரரை ஒருநாள் அழைத்துப்போய்க் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவன் பாடும் என் பாடும் ஒண்ணுதான். வாசல்லயே நிக்க வெச்சு மூட்டையை வாங்கிக்கிறாங்க" என்றார். அக்கா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொன்றும் பார்த்தோம். பொண்ணு அவ்வப்போது திரும்பி, வாலடியைக் கீறலுக்கு நேராக வைத்து, எச்சத்தைப் பீய்ச்சி வெளியே அடிக்கும். சாப்பிட்ட கொட்டை, தோல் எல்லாம் வெளியே வந்து விழும். உள்ளே ஒன்றும் தங்காது. அக்கா கண் விரியப் பார்த்தாள். "அடிப்பாவி! உள்ள எல்லாம் துப்புரவு பண்ணி வெளிய தள்றாடி. இவ நம்ம இனம்!" என்று துள்ளினாள். அன்றைக்குத்தான் அவளுக்கு இரவுத் தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் மாப்பிள்ளை வந்து நின்றதும் பொந்துக்குள்ளிருந்து மெலிதாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினார். குஞ்சு பொரித்துவிட்டது. அன்று நான் டிக்கெட் கிழித்துக் கொடுத்த எல்லோரிடமும் இருவாச்சிக் கூண்டுக்குப் போகாதீர்கள், அங்கே ஆள் பிறந்திருக்கிறது என்று சொன்னேன்.

பெரிய மழைக்கு முந்தின ஒரு காலையில் எல்லாம் கவிழ்ந்தது. அக்கா அலறிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவந்தாள். போய்ப் பார்த்தால், சுவர் உடைந்து கட்டி கட்டியாகக் கீழே கிடந்தது. பொண்ணு வெளியே கிளையில், புது இறகு மினுங்க, பறக்கத் தெரியாதவள் மாதிரி தள்ளாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொந்தின் வாய் ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை.

மேலாளர் வந்தார். நெடுநேரம் பார்த்தார். "கூட்டை விட்டுட்டு வந்துடுச்சு போல. பாவம், குஞ்சு போயிருக்கும்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பெட்டியை எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

நிதானம் அண்ணனும் இன்னொருவரும் பெட்டியைச் சுமந்து வந்து வைத்தார்கள். அக்கா கூண்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. இவ சுவரை நான் எத்தனையோ தடவை உடைச்சிருக்கேன். இது நான் உடைச்சது இல்லை, அவளே உடைச்சது. வேலை தெரிஞ்சவ ஏன் உடைச்சான்னு தெரியாம இந்தப் பெட்டி உள்ள போகாது."

"அவங்க சொல்றது சரி சார்," என்றார் டாக்டரம்மா. "குஞ்சு பாதி வளர்ந்ததும் தாய் வெளிய வந்து இரை தேடறது உண்டு. அப்படி வந்தா குஞ்சு என்ன பண்ணும்னு படிச்சிருக்கேன். ஆனா காட்டையே பார்க்காத குஞ்சு அதைப் பண்ணுமான்னு எனக்குத் தெரியலை. காத்திருந்து பார்க்கலாம்."

மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். என் ஜன்னலில் வரிசை நீண்டு கூப்பாடு போட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஒரு அத்திப்பழத்தோடு வந்தான். திறந்து கிடந்த பொந்து வாயைப் பார்த்து ஒரு கணம் குழம்பிப் பிறகு உள்ளே நீட்டினான். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு அலகு வந்தது. குட்டை அலகு, வெளிறிப்போய், மேலே கொண்டைகூட இல்லை. நுனியில் ஒரு பொட்டு அசிங்கம். வாசல் ஓரத்தில் அதை வைத்தது. தட்டியது. கீழே விழுந்துவிட்டது. உள்ளே போய் இன்னொரு பொட்டு எடுத்து வந்தது. வைத்து, அலகைச் சாய்த்து, தட்டித் தட்டித் தட்டி ஒட்ட வைத்தது. யாரும் சொல்லித் தராமல், தாயும் கூட இல்லாமல், அந்தப் பொடிப்பயல் தன் வீட்டு வாசலைத் தானே அடைத்துக்கொண்டிருந்தான்.

"பூசறான்!" என்று அக்கா கத்தினாள். "அய்யோ, பூசறாண்டி! அசிங்கம் பண்றான் பாரு! என் ராசா, நல்லாப் பண்ணுடா, நாறடிடா கண்ணு!"

அவள் அழுதாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள், டாக்டரம்மாவைக் கட்டிக்கொண்டாள், நிதானம் அண்ணனைக்கூட விடவில்லை. அவர் வாழ்நாளிலேயே முதல்தடவை வேகமாக நகர்ந்து தப்பினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது.

பெட்டி வந்த வழியே தீவன அறைக்குப் பின்னால் போய்விட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் பொண்ணும் மாறி மாறி ஊட்டினார்கள். சுவர் மறுபடியும் கீறல் அளவுக்கு வந்தது. மழையெல்லாம் ஓய்ந்த ஒரு பிற்பகலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக நிற்கும்போது, உள்ளேயிருந்தே சுவரை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் கம்பி வலையில் மோதப் பார்த்து, எப்படியோ திரும்பி, பொண்ணுக்குப் பக்கத்தில் கிளையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சிறகுச் சத்தம் என் ஜன்னல்வரை கேட்டது. சின்ன ரயில்தான், ஆனாலும் ரயில். பிள்ளைகள் போட்ட கூச்சலில் யானையே பிளிறியது.

அடுத்த வாரம் மேலாளருக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. இனி அது எதற்கு, தச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீவன அறைக்குப் பின்னால் வந்தார். அக்கா அங்கே சேற்றுக்கையோடு நின்றிருந்தாள். முழங்கைவரை சேறு, நெற்றியில்கூட ஒரு தீற்றல்.

"பெட்டியை எடுத்துக்கலாமாம்மா?"

"எடுத்துப் பாருங்க சார், அசையாது" என்று மூடியைத் திறந்து காட்டினாள்.

காற்றுத் துளைகளையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தாள். பெட்டி விளிம்புவரை நல்ல களிமண். கல் பொறுக்கி, சலித்து, தண்ணீர் தெளித்து, மிதித்துப் பதமாகக் குழைத்து வைத்திருந்தாள்.

"அடுத்த பருவத்துக்கு" என்றாள் அக்கா. "பொண்ணு எங்கயும் போகலை சார். மண்ணுதான் போகும், அவ வாசலுக்கு."